பழனி மலையும் பரந்த உலகமும்: மதம், உலகமயமாக்கல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் உறவினர்கள், கல்லூரிப் பிள்ளைகள், மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் நேர்த்திக்கடன் செலுத்த வருபவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் வரலாறும் உண்டு, என் சொந்தக் கருத்தும் உண்டு. கருத்துச் சொல்லும் இடத்தில் அதைக் கருத்தென்றே சொல்லியிருக்கிறேன்.

உலகமயமாக்கல் 1991-க்குப் பிறகு வந்த சமாச்சாரம். அதற்கும் கோயில், தேவாலயம், பள்ளிவாசலுக்கும் என்ன சம்பந்தம்?

1991-இல் இந்தியா இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி அந்நிய முதலீட்டுக்கு வழிவிட்டது. "உலகமயமாக்கல்" என்ற சொல் நம் ஊர்ப் பேச்சில் புழங்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஆனால் சரக்கும் ஆளும் பணமும் நம்பிக்கையும் எல்லை தாண்டிப் போய்வருவது மிகப் பழைய சங்கதி.

பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் பொருந்தல் என்றொரு ஊர் இருக்கிறது. பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தினர் 2009, 2010 ஆண்டுகளில் அங்கே அகழ்ந்தபோது கண்ணாடி மணிகள் செய்த இடத்தின் தடயங்கள் வெளிப்பட்டன. ஈமச்சின்னம் ஒன்றில் கிடைத்த நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று முடிவு வந்தது. அவ்வளவு காலத்துக்கு முன்பே இங்கே விற்பனைக்கென்று பண்டம் செய்திருக்கிறார்கள்.

வணிகன் போன வழியில்தான் சாமியும் போனது. பௌத்தத் துறவிகள் வணிகக் கூட்டத்தோடு சீனா போனார்கள். அரபு வணிகர்களோடு இஸ்லாம் நம் கடற்கரைக்கு வந்தது. சிங்கப்பூரில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்காவைக் கட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். வங்கியும் கப்பல் நிறுவனமும் உலகை இணைக்கத் தொடங்கும் முன்பே மதம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பழனி முருகன் இத்தனை நாடுகளுக்கு எப்படிப் போனார்?

மூன்று அலையாகப் போனார் என்று சொல்லலாம்.

முதல் அலை நகரத்தார். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து காவடியோடு பழனிக்கு நடந்து வருவது அவர்களுக்குப் பரம்பரை வழக்கம். வட்டித்தொழிலுக்காகப் பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் என்று போனவர்கள் போன இடத்திலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-இல் கட்டப்பட்டது. சாமியின் பெயரே பழனியிலிருந்து போனதுதான். கணக்கு வழக்கைப் பேசித் தீர்க்கவும் புதிதாக வந்த பையன்களைத் தங்கவைக்கவும் கோயிலை ஒட்டிய இடம் பயன்பட்டது. தொழிலும் பக்தியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

இரண்டாவது அலை தோட்டக் கூலிகள். இவர்களைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் இறக்கியது. மொரிஷியசுக்கும் ரீயூனியனுக்கும் அதற்கு முன்பிருந்தே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கரும்புக்கும் ரப்பருக்கும் உழைக்கப் போனவர்களிடம் சொத்து என்று எதுவும் இல்லை. காவடி எடுக்கும் வழக்கத்தையும் அரோகரா என்ற கூப்பாட்டையும் மட்டும் கூடவே கொண்டுபோனார்கள். கோலாலம்பூருக்கு வெளியே பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளை முருகனுக்கு வேல் நட்டார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. பினாங்கில் சீனர்களும் வேண்டிக்கொண்டு தேங்காய் உடைக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள்.

மூன்றாவது அலை 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்கள். அவர்களோடு சேர்த்து, கணினி வேலைக்குப் போனவர்களையும் சொல்ல வேண்டும். லண்டன் ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்கு 2002-இல் எலிசபெத் மகாராணி வந்து போனார். பிரிட்டனில் ஓர் இந்துக் கோயிலுக்கு அந்நாட்டு அரசர் ஒருவர் வந்தது அதுவே முதல் முறை. இலங்கைத் தமிழர்கள் முன்னின்று எழுப்பிய கோயில் அது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

போனது அப்படியே இருக்கிறதா, மாறிவிட்டதா?

மாறித்தான் இருக்கிறது. பழனிப் பாதயாத்திரையில் தோளில் வரும் காவடி சாதாரணமானது. வளைந்த மரச்சட்டம், இரண்டு பக்கமும் மயில்பீலி, முன்னும் பின்னும் பால்சொம்பு. பங்குனி உத்திரத்துக்குக் கொங்குப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கொடுமுடிக் காவிரித் தண்ணீரைத் தீர்த்தக் காவடியாகச் சுமந்து வருவார்கள். பத்துமலையிலும் சிங்கப்பூரிலும் காவடி ஆள் உயரத்தைத் தாண்டிப் பெரிய அலங்காரக் கூடாக வளர்ந்துவிட்டது. உடம்பில் குத்திய அலகுகளே அதன் பாரத்தைத் தாங்குகின்றன.

அந்தந்த நாட்டுச் சட்டமும் சடங்குக்கு ஒரு வடிவம் கொடுக்கிறது. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் மேளதாளத்துக்குத் தடை இருந்தது. 2016-இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் வாசிக்க அனுமதி கிடைத்தது. வாத்தியம் இல்லாத இடத்தில் பக்தர்கள் வாயாலேயே பாடிக்கொண்டு நடந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து நமக்குத் திரும்பி வந்தது ஏதாவது உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. மொரிஷியசில் தைப்பூசம் நாடு முழுவதற்கும் விடுமுறை. மலேசியாவின் பல மாநிலங்களில் விடுமுறை. பழனி இருக்கும் தமிழ்நாட்டில் 2021-இல்தான் அரசு விடுமுறை ஆனது. கடல் தாண்டிப் போன பிள்ளைகள் முதலில் வாங்கிவிட்டார்கள், தாய்வீடு பிறகுதான் வாங்கியது.

அடுத்தது சிலை. பத்துமலையில் 2006-இல் 140 அடி முருகன் சிலை திறக்கப்பட்டது. 2022-இல் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடியில் முத்துமலை முருகன் எழுந்தார். 2024 ஆகஸ்டில் பழனியிலேயே அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு நடந்தது.

மாநாட்டை மனதார வரவேற்கிறேன். உலகின் வெவ்வேறு மூலைகளில் ஒரே சாமியைக் கும்பிடுபவர்கள் ஓரிடத்தில் கூடி, தங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று பேசிக்கொள்வது நல்ல காரியம். சிலையின் உயரப் போட்டியில்தான் எனக்கு உடன்பாடில்லை. பழனி மூலவர் சின்ன உருவம். எல்லாவற்றையும் துறந்த ஆண்டிக் கோலம், கையில் தண்டம். அந்தக் கோலத்தை நம்பி 693 படி ஏறி வருபவர்களுக்கு அடிக்கணக்கு எதற்கு?

பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கினார்களே, பிரசாதத்துக்கு எதற்குச் சட்டம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். மதமும் உலகச் சந்தையும் ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்பதை ஒரே டப்பாவுக்குள் பார்க்கலாம்.

1995-இல் உலக வர்த்தக அமைப்பு உருவானபோது அறிவுசார் சொத்துரிமை பற்றிய ஒப்பந்தமும் சேர்ந்து வந்தது. அதற்கு உடன்பட்ட இந்தியா 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றியது. 2003-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊரின் மண்ணாலும் கைப்பக்குவத்தாலும் பெயர் வாங்கிய பொருளை வேறு யாரும் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். திருப்பதி லட்டு 2009-இல் குறியீடு பெற்றது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் பெற்றது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் இதுவே முதல்.

செய்முறை எளிது. மலைவாழைப்பழத்தைத் தோல் உரித்துப் பிசைந்து, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலக்காய், தேன், நெய் சேர்த்துக் கலக்குவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. கெடாமல் இருக்க மருந்தும் சேர்ப்பதில்லை. விருப்பாச்சி என்ற இந்த மலைவாழை சின்னதாக, கனத்த தோலோடு, நீர்ச்சத்துக் குறைவாக இருக்கும். அதனால்தான் பஞ்சாமிர்தம் பல நாள் தாங்குகிறது. நாட்டுச்சர்க்கரை ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கத்திலிருந்து வருகிறது. பேரீச்சை நம்மூரில் விளைவது கொஞ்சம்தான். நாட்டுக்கு வேண்டியதில் பெரும்பகுதி வளைகுடாப் பக்கத்திலிருந்து கப்பலில் வருகிறது. ஆகவே ஊர்ப் பிரசாதத்திலும் தூரதேசம் ஒரு பங்கு கலந்தே இருக்கிறது.

வாழைக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே இந்த மலைவாழையை வளர்ப்பார்கள். முடிக்கொத்து நோய் அதைச் சூறையாடியது. இலைகள் விரியாமல் உச்சியில் கொத்தாகக் குறுகி நின்றுவிடும், குலை தள்ளாது. அசுவினிப் பூச்சியும் நோய்பட்ட கன்றும் பரப்பும் இந்த வைரஸ் நோய் பிஜித் தீவில் 1889-இல் முதன்முதலாகப் பதிவானது. 1913-இல் இலங்கையில் தென்பட்டது. பிறகு கேரளம் வழியாக நம் பக்கம் வந்தது. 1970-களுக்குப் பிறகு மலைவாழைத் தோட்டங்கள் பெருமளவு சுருங்கிப்போயின. வேளாண் விஞ்ஞானிகள் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கிக் கொடுத்து, விட்டதில் ஒரு பகுதியை மீட்டார்கள். விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் பஞ்சாமிர்தத்துக்கு முன்பே புவிசார் குறியீடு கிடைத்தது.

பிஜியில் தெரியவந்த நோய் பழனி முருகன் அபிஷேகப் பொருளில் கைவைத்தது. அதைத் தடுத்ததோ ஆய்வகத்தில் வளர்ந்த கன்று. பிரசாதத்தின் பெயரைக் காப்பது ஜெனீவாவில் தலைமையகம் வைத்திருக்கும் அமைப்பின் ஒப்பந்தத்திலிருந்து பிறந்த சட்டம். இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. குறியீடு வந்ததால் பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. சரிவில் கன்று நட்டு, காட்டுமாட்டிடமிருந்தும் குரங்கிடமிருந்தும் அதைக் காத்து, குலையைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவரும் விவசாயிக்கு என்ன கிடைத்தது என்று யாராவது தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நாம் இறக்கும் முடி எங்கே போகிறது?

கோயில் ஏலத்துக்குப் போகிறது. அங்கிருந்து தரம் பிரித்து, அலசி, வெளிநாட்டுக்குப் போகிறது. நீளமான முடி பொய்முடியாகிறது, ஒட்டுமுடியாகிறது. தமிழ்நாட்டு அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டை போடக் கட்டணம் இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கேட்டால் பலரும் ஆச்சரியப்படுகிறார்கள். வைதீக யூத மரபில் மணமான பெண்கள் தலைமுடியை மறைத்துக்கொள்வார்கள். அதற்குப் பலர் பொய்முடி அணிவதுண்டு. 2004-இல் இஸ்ரேலின் மூத்த மதகுரு யோசேஃப் ஷாலோம் எல்யாஷிவ், திருப்பதியில் காணிக்கையாக இறக்கிய முடி வேற்றுத் தெய்வ வழிபாட்டோடு சம்பந்தப்பட்டது, அதில் செய்த பொய்முடியைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் குடும்பங்கள் விலையுயர்ந்த பொய்முடிகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள்.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுப் பெண்கள் பிள்ளை பிழைத்ததற்கு நன்றியாகக் கூந்தலைக் கொடுத்தார்கள். வாங்கியவர்களும் தங்கள் இறைவனுக்குப் பிழையில்லாமல் இருக்கவே எரித்தார்கள். இரண்டு பக்கமும் பக்திதான். நடுவில் இருந்த வியாபாரச் சங்கிலி, அந்த முடி எங்கிருந்து, எதற்காக வந்தது என்பதை யாருக்கும் சொல்லவில்லை. உலகச் சந்தையின் குணமே இதுதான் என்று நினைக்கிறேன். பொருளை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோகும், அதன் கதையைக் கூடவே அனுப்பாது.

வட்டக்கானலில் ஏன் இவ்வளவு இஸ்ரேலியர்கள்?

கட்டாய ராணுவச் சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் நீண்ட பயணமாக இந்தியா வருவது வழக்கம். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல் அவர்கள் தங்கும் ஊர்களில் ஒன்று. கடைகளில் எபிரேய எழுத்தில் பலகை தொங்கும். பருவத்தில் சபாத் என்ற யூத மத இயக்கத்தினர் வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் வழிபாடும் விருந்தும் நடத்துவார்கள். ஊரில் இருக்கும்போது மதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பிள்ளைகள் பலர் அந்த விருந்துக்குப் போகிறார்கள். வீட்டை விட்டுத் தூரம் போன பிறகு சாமி ஞாபகம் வருவது நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை.

இணைப்பு வந்தால் பகையும் அதே வழியில் வருகிறது என்பதும் உண்மை. வட்டக்கானலுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளைத் தாக்கத் திட்டமிட்டதாக 2016-இல் கேரளத்தில் ஒரு குழுவைத் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. எங்கோ நடக்கும் சண்டை, சின்ன மலைக் கிராமத்தில் போலீஸ் காவலாக வந்து நிற்கிறது.

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கட்டினாராமே, உண்மையா?

உண்மை. ஆஸ்திரேலியாவில் பிறந்த அவர் இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவம் தழுவி, லீலாவதி இராமநாதன் ஆனார். கணவர் 1930-இல் காலமானார். 1936-இல் அவர் இந்தக் கோயிலைக் கட்டினார். வானம் தெளிவாக இருந்தால் கோயிலுக்குப் பக்கத்திலிருந்தே கீழே பழனி தெரியும். இன்று இது பழனிக் கோயிலின் உபகோயில்களில் ஒன்று.

ஆஸ்திரேலியா, யாழ்ப்பாணம், கொடைக்கானல் என்று மூன்று நிலங்கள் ஒரு சன்னிதியில் கூடியிருக்கின்றன. கும்பிட வரும் சனத்தில் பெரும்பாலோருக்கு இது தெரியாது, தெரியாததால் குறையும் இல்லை. ஆனால் "நம்ம சாமி, நம்ம ஆளு" என்று வேலி போட்டுப் பேசுபவர்களிடம் இந்தக் கோயிலைக் காட்டச் சொல்வேன்.

பெருமாள்மலையில் கத்தோலிக்கச் சாமியார் ஒருவர் ஜென் மடம் நடத்துகிறார் என்கிறார்களே?

போதி ஜெண்டோவைக் கேட்கிறீர்கள். 1996-இல் தொடங்கியது. நிறுவியவர் ஆமா சாமி என்று அழைக்கப்படும் இயேசு சபைக் குருவான அருள் மரிய ஆரோக்கியசாமி. 1936-இல் பர்மாவில் தமிழ்க் கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தவர். குருவான பிறகும் தேடல் அடங்கவில்லை. திருவண்ணாமலை ரமணாசிரமம், குளித்தலைச் சாந்திவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரெஞ்சுத் துறவி அபிஷிக்தானந்தா என்று பல வாசல்களைத் தொட்டார். அப்புறம் ஜப்பான் போனார். அங்கே காமகுராவில் யமடா கோஉன் என்ற ஜென் ஆசானிடம் பயின்று, 1982-இல் கற்பிக்கும் தகுதி பெற்றார். அவருக்கு வழிகாட்டியவர்களில் ஹ்யூகோ எனோமியா லசால் என்ற ஜெர்மானிய இயேசு சபைத் துறவியும் ஒருவர். லசால் 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அங்கே இருந்து உயிர் தப்பியவர்.

இந்தியாவில் பிறந்த பௌத்தத்தின் தியான மரபு சீனா போய், ஜப்பானில் ஜென் ஆகி, ஒரு ஜெர்மானியரின் தூண்டுதலால் ஒரு தமிழரின் வழியாகப் பழனி மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது ஐரோப்பாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து தங்குகிறார்கள். விடியற்காலையில் சுவரைப் பார்த்து உட்காருகிறார்கள், பிறகு காய் நறுக்குகிறார்கள், தோட்டத்தில் களை எடுக்கிறார்கள்.

இது கலப்படம் என்று இரண்டு பக்கமும் கோபப்படுபவர்கள் உண்டு. என் பார்வையில், ஒரு மரபுக்குள் ஆழமாகப் போனவர்தான் இன்னொன்றை மரியாதையோடு தொட முடியும். பத்து மதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி, வார இறுதிப் பொட்டலமாக விற்பது வேறு. கொடைக்கானலில் அந்த வியாபாரமும் நடக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கிறிஸ்தவம் உலகமயமாக்கலோடு வந்த அந்நிய மதம்தானே?

கொடைக்கானல் ஊரே அமெரிக்க மதுரை மிஷனால் உருவானது. சமவெளிக் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்ப மிஷனரிகள் 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1895-இல் இயேசு சபையினர் செண்பகனூரில் கல்லூரி தொடங்கினார்கள். 1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்று பன்னாட்டுப் பள்ளியாக நடக்கிறது. இவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் சலேத் மாதா கோயில் திருவிழாவைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பிரான்சின் மலைக்கிராமமான லா சலேத்தில் 1846-இல் மாதா காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. இருபது ஆண்டுக்குள், 1866-இல், இங்கே அவருக்குக் கோயில் எழும்பிவிட்டது. ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் கொடியேற்றம் முடிந்த கோயிலில் சப்பரம் புறப்படும். மல்லிகைப்பூ, மெழுகுவத்தி, நேர்த்திக்கடன். சுற்றுவட்டத்து இந்துக்களும் வருவார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் புதைந்தவர்களின் மதத்தை அந்நியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வெளிநாட்டுப் பணம்?

எல்லா மதத்துக்கும் வருகிறது. வளைகுடாவில் சம்பாதித்தவர் ஊர்ப் பள்ளிவாசலைப் புதுப்பிக்கிறார், அமெரிக்காவில் இருப்பவர் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்கிறார், சபைகளுக்கும் ஆசிரமங்களுக்கும் நன்கொடை வருகிறது. வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1976-இல் வந்து, 2010-இல் புதிதாக எழுதப்பட்டு, 2020-இல் இறுக்கப்பட்டது. இப்போது அத்தகைய நன்கொடை முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லிக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும்.

மதம் தேய்ந்துவிடும் என்று அறிஞர்கள் சொன்னார்களே?

சொன்னார்கள். பீட்டர் பெர்கர் என்ற சமூகவியலாளர் 1960-களில் நவீன வாழ்க்கை பரவப் பரவ மதத்தின் பிடி தளரும் என்று வாதிட்டார். 1999-இல், உலகம் முன்போலவே மதப்பற்றோடுதான் இருக்கிறது என்று தம் நிலையை அவரே மாற்றிக்கொண்டார். தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தில் நின்றால் இந்த விவாதமே தேவைப்படாது.

அப்படியானால் எதற்கும் சேதம் இல்லையா?

சேதம் உண்டு. பெரிய சாமிகளுக்கு இல்லை, சின்னச் சாமிகளுக்கு. என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான்.

பழனி மலையின் பழங்குடிகள் பளியர். தேன் எடுப்பது, கிழங்கு தோண்டுவது, மூலிகை தெரிந்து வைத்திருப்பது அவர்கள் வாழ்க்கை. மரத்தடிக் கல்லும் பளிச்சியம்மனும் காட்டுத் தெய்வங்களும் அவர்கள் வழிபாடு. அந்தச் சாமிக்குச் சிலை வேண்டாம், கோபுரம் வேண்டாம். அந்த மரமும் அந்த ஓடையும் அங்கேயே இருந்தால் போதும். முருகனைப் பினாங்குக்குக் கொண்டுபோகலாம், மாதாவைப் பிரான்சிலிருந்து கொண்டுவரலாம். காட்டுத் தெய்வத்தைப் பெயர்த்து எடுத்துப்போக முடியாது. வெள்ளைக்காரர் காலம் தொட்டுச் சோலைக்காடும் புல்வெளியும் போய், யூகலிப்டசும் சீகை மரமும் பைனும் வந்தன. பிறகு தோட்டங்கள், பிறகு விடுதிகள். இடம் கைமாறியபோது, யாருக்கும் தெரியாமல் சாமியும் போயிற்று.

இதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒடிசாவின் நியமகிரி மலையில் லண்டன் பங்குச் சந்தையில் இருந்த வேதாந்தா நிறுவனத்துக்காக பாக்சைட் வெட்டத் திட்டமிட்டபோது, அந்த மலையே தங்கள் நியமராஜா என்று டோங்கிரியா கோந்து மக்கள் நின்றார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி அவர்களுடைய மத, பண்பாட்டு உரிமை பற்றிக் கிராமசபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டு கிராமசபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அதே சட்டம் பளியர்களுக்கும் பொருந்தும். அவர்களின் வழிபாட்டு இடங்களைக் குறித்துவைத்து உரிமை பெற்றுத் தரும் வேலையை நம் பக்கமும் வேகப்படுத்த வேண்டும்.

பழனிக் கோயிலில் செல்போனுக்குத் தடை, ஆனால் விழாவெல்லாம் நேரலை. இது முரண் இல்லையா?

எனக்கு முரணாகத் தெரியவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவின் தொடர்ச்சியாக 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலில் செல்போனுக்கு அனுமதி இல்லை. டொரன்டோவில் படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு நேரலை ஒரு வரம். சன்னிதி முன்னால் நிற்பவருக்குக் கையில் போன் ஒரு திரை. எட்ட இருப்பவருக்குக் கருவி தேவை, கிட்ட இருப்பவருக்குத் தேவையில்லை.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். எதைக் காட்டலாம்?

விஞ்சிலும் ரோப் காரிலும் ஏற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு முறையாவது படியேறட்டும். தை மாதம் வந்தால், ஒட்டன்சத்திரம் ரோட்டில் ஒரு மணி நேரம் பாதயாத்திரைக்காரர்களோடு நடக்கவிடுங்கள். அன்னதானப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிடட்டும். மேலே போனால் பூம்பாறைக் குழந்தை வேலப்பரையும் குறிஞ்சி ஆண்டவரையும் பார்க்கலாம். பக்கத்திலேயே சலேத் மாதா கோயிலுக்கும் கூட்டிப்போங்கள். போதி ஜெண்டோவில் தங்க முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், சும்மா சுற்றிப்பார்க்கும் இடமில்லை அது. பளியர் குடியிருப்புகளுக்கு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். அவர்கள் எடுத்த தேன் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு நேராக மலைப்பாதை இருக்கிறது, பஸ்ஸும் உண்டு. சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருவதானால், 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதால் கிளம்பும் முன்பே இணையத்தில் பதிந்துவிடுங்கள்.